600 மடங்கு என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்

வருகிறவர்களுக்கு டெலஸ்கோப்பில் வானம் காட்டுவது என் வேலை. இந்த வாரமும் ஒருவர் புது டெலஸ்கோப்போடு வந்தார். பெட்டியில் கொட்டை எழுத்தில் "600 மடங்கு". பத்தாம் பொலிவெண் (எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்) வெள்ளை நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். "வெறும் புள்ளிதானே தெரிகிறது, லென்ஸ் கோளாறா?" என்கிறார். எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது!

நட்சத்திரம் புள்ளியாகத்தான் தெரியும். மடங்கைக் கூட்டினாலும் புள்ளிதான். ரொம்பக் கூட்டினால் குட்டி வட்டம் ஒன்று வரும். அது டெலஸ்கோப்பின் வாயில், அதாவது ஒளி நுழையும் முன்பக்கத் திறப்பில், ஒளி வளைந்து பரவுவதால் வருவது, நட்சத்திரத்தின் உடல் அல்ல. 60 மி.மீ. அகல வாய்க்கு 120 மடங்குதான் உச்சம். அதற்கு மேல் கலங்கலும் நடுக்கமும்தான் மிச்சம். டெலஸ்கோப்பின் முதல் வேலை ஒளியைச் சேர்ப்பது. அதனால் வாயின் அகலத்தைக் கேட்டு வாங்குங்கள், மடங்கைக் கேட்காதீர்கள்.

மங்கல் என்றால் சோப்ளாங்கி நட்சத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 25 ஒளியாண்டில் இருக்கும் வேகா என்ற வெள்ளை நட்சத்திரம் சூரியனைப் போல் சுமார் 40 மடங்கு ஒளி வீசுகிறது. அதையே 2,500 ஒளியாண்டுக்குத் தள்ளி வைத்தால் நமக்கு வரும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பொலிவெண் பூஜ்யத்திலிருந்து பத்துக்குப் போய்விடும். வெறுங்கண்ணுக்கு ஆறோடு சரி.

இன்னொன்று, மங்கலான ஒளியில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது; சிவந்த நட்சத்திரம்கூட வெளுத்துத் தெரியலாம். உண்மையிலேயே வெள்ளையா என்பதை நிறமாலைதான், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த அதன் ஒளிதான் சொல்லும். வேகா வகை என்றால் அதில் ஹைட்ரஜனின் கருங்கோடுகள் அழுத்தமாக விழும்.

பார்க்கும் முன் அரை மணி நேரம் இருட்டில் இருங்கள். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தாலும் அத்தனையும் வீண். நட்சத்திரத்தையே முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள், அப்போதுதான் பளிச்சென்று எட்டும்.

கண்வில்லையில் (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸ்) திருகும் சூரிய வடிகட்டி கூடவே வந்திருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும். குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

தயவுசெய்து டெலஸ்கோப்பைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். 25 மி.மீ. கண்வில்லை இருக்கிறதா? மடங்கு குறைவாகத் தருவது அதுதான்; முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.