பால்நிலை: ‘ஜெண்டர்’ என்பதற்கு நம்மிடம் இருக்கிற சொல்

‘ஜெண்டர் செயலமர்வு’ என்று அறிவித்தல் வந்தால் திருகோணமலையில் பல அலுவலகங்கள் முதலில் செய்கிற வேலை, பெண் உத்தியோகத்தர் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பெயர் அனுப்புவதுதான். ‘அது பொம்பிளையள் விசயம்’ என்று ஆகிவிட்டது. தமிழ்ச் சொல்லைப் போட்டிருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்குமா தெரியாது, ஆனால் சொல் இருக்கிறது: பால்நிலை.

ஜெண்டர், லத்தீனின் ‘ஜெனஸ்’ என்ற சொல்லில் இருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஜெனஸ் என்றால் வகை, பிறப்பு, அவ்வளவுதான். நெடுங்காலம் பெரும்பாலும் இலக்கணக்காரர்களின் சொல்லாகவே கிடந்தது. 1955இல் ஜோன் மணி என்ற உளவியலாளர்தான் அதை எடுத்து, ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ காட்டிக்கொள்கிற நடத்தை முழுவதற்கும் பெயராக வைத்தார். 1960களில் ரொபேட் ஸ்டோலர் அதோடு அடையாளம் என்பதையும் சேர்த்தார், அதாவது ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உள்ளுக்குள் உணர்வது. உடம்பில் இருப்பது வேறு, சமூகம் அதன்மேல் கட்டி எழுப்புவது வேறு என்று 1972இல் ஆன் ஓக்லி விரித்து எழுதிய பிறகுதான் பெண்ணியர்கள் இதைப் பரவலாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழில் ‘பால்’ என்றால் பகுதி, பிரிவு. அறத்துப்பால், பொருட்பால் என்கிறோமே, அதே பால்தான். தொல்காப்பியம் சொல்கிற ஐந்து பாலில் ஆண்பாலும் பெண்பாலும் இரண்டு மட்டும். மிச்சம் ஒருமை பன்மைக் கணக்கு. நன்னூலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவரைப் பெண்பாலாகவும் சொல்லலாம் என்கிறார் பவணந்தியார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணம், உடம்பைக் கேட்காமல் விருப்பத்தைக் கேட்கிறது. (அதே சூத்திரம் இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று முடிகிறது. அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.)

தமிழ்நாட்டில் ஜெண்டரைப் ‘பாலினம்’ என்கிறார்கள். பிழை என்று சொல்லமாட்டேன், ஆனால் நம்முடைய ஊருக்கு அது பொருந்தாது. இங்கே ‘இனம்’ என்றால் தமிழர், முஸ்லிம், சிங்களவர். பிறந்தவுடன் ஒட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் கூட வருகிற விடயம். அந்தச் சொல்லையே ஆண் பெண்ணுக்கும் ஒட்டினால் அதுவும் மாறாத ஒன்று என்ற எண்ணம்தான் வரும். ‘நிலை’ அப்படியில்லை, மாறக்கூடியது. இலங்கையில் பால்நிலை சமத்துவம், பால்நிலை சார் வன்முறை என்றே எழுதிப் பழகிவிட்டோம். சிங்களத்தில் இன்னும் நேரடியாக ‘ஸ்திரீ புருஷ சமாஜபாவய’ என்கிறார்கள், சமூகம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. சொல் கொஞ்சம் நீளம்தான்.

அடுத்தது வகிபாகம், அதாவது ஆண் இதைச் செய்வான், பெண் இதைச் செய்வாள் என்று சமூகம் பிரித்துக் கொடுத்த பங்கு. இது இயற்கையில்லை என்பதற்கு நமது கிழக்குக் கரையே போதும். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருக்கிறார். பாக்கு நீரிணையைத் தாண்டினால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதே முறை, ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்பது கேலிப் பேச்சு. அதே மொழி, அதே உடம்பு. ஆனால் வீடு பெண் பேரில் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கவேண்டாம், அரசாங்கப் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் பெண்ணின் உரிமையில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு ஆணின் பெயரில் பதிவான கதைகள் அந்தக் கட்டத்தால் வந்தவை. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டக் காணிகளுக்குப் பொருந்துகிற 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, உரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் மகன்மாரை முன்னுக்கும் மகள்மாரைப் பின்னுக்கும் வைத்தது. அதைத் திருத்த 2022 வரை ஆனது.

அப்போ எல்லாமே சமூகம் செய்வதுதானா? இங்கேதான் ஜோன் மணியே இடறினார். விருத்தசேதனத்தில் நடந்த விபத்தில் ஆணுறுப்பை இழந்த குழந்தையைப் பெண்ணாக வளர்க்கச் சொன்னார், வெற்றி என்றும் எழுதினார். அந்தப் பிள்ளை அதைத் தன்னுடையதாக ஏற்கவே இல்லை, பதின்ம வயதில் ஆணாக வாழத் தொடங்கிவிட்டார். ஆகவே வகிபாகத்தையும் பால்நிலை அடையாளத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது: முதலாவதை ஊர் கொடுக்கிறது, இரண்டாவதில் ஊரின் கை படும், ஆனால் கடைசிச் சொல் அந்த ஆளுடையது.

இலங்கையில் 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதைக் காட்டித்தான் ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழில் ‘பால்’ என்ற இடத்தில் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம்.