வயிற்றுக்குள் ஊற்றும் கீமோவுக்கு அளவு எப்படிப் போடுகிறார்கள்?

குடல்வாலில் தொடங்கும் ஒருவகைக் கட்டி, சளி போன்ற கூழைச் சுரந்து வயிறு முழுக்கப் பரவிவிடும். சூடோமிக்ஸோமா பெரிட்டோனி என்று பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் வரும். கண்ணுக்குத் தெரிகிற கட்டியையெல்லாம் மணிக்கணக்கில் வெட்டி எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் சுற்ற விடுவார்கள். பெரும்பாலும் மைட்டோமைசின், ஒன்றரை மணி நேரம் வரை.

வயிற்றறையின் உறையைத் தாண்டி இந்த மருந்து ரத்தத்துக்குள் மெதுவாகவே போகும். அதனால், நரம்பில் ஏற்றினால் உடம்பு தாங்காத செறிவைக்கூட வயிற்றுக்குள் வைத்திருக்கலாம். ஆனால் கட்டிக்குள் அது சில மில்லிமீட்டர்தான் இறங்கும். பெரிய துண்டு மிஞ்சிவிட்டால் எவ்வளவு ஊற்றியும் அதிகப் பயனில்லை.

சரி, எவ்வளவு ஊற்றுவது? உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பு 1.7 சதுர மீட்டர் உள்ள ஒருவரை வைத்துப் பார்ப்போம். வாஷிங்டனில் அறுவை மருத்துவர் பால் ஷுகர்பேக்கர் வகுத்த முறையில் சதுர மீட்டருக்கு 15 மி.கி., அதாவது 25 சொச்சம். கூடவே டாக்சோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் உண்டு. பல அமெரிக்க மையங்களில் ஆள் யாரானாலும் 40 மி.கி.: முதலில் 30, ஒரு மணி நேரம் கழித்து 10. நெதர்லாந்து முறையில் சதுர மீட்டருக்கு 35, ஆக ஏறக்குறைய 60 மி.கி. அதில் பாதியை முதலில் ஊற்றி, அரை மணிக்கொரு தரம் கால் கால் பங்காகச் சேர்ப்பார்கள்.

ஆனால் இந்த எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. 40 மி.கி. மருந்தை 3 லிட்டர் திரவத்தில் கலந்தால் லிட்டருக்கு 13. 6 லிட்டரில் கலந்தால் 7கூட வராது. கட்டியைத் தொடுவது அந்தச் செறிவுதான். அப்படியானால் செறிவை வைத்தே அளவு போடலாமே? போடுகிறவர்களும் உண்டு. அப்போது பெரிய வயிற்றுக்கு அதிகத் திரவம், அதோடு அதிக மருந்து. ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்று கணிப்பது கடினமாகிறது. ஏறியது எலும்பு மஜ்ஜையைத் தாக்க, சில நாள் கழித்து வெள்ளை அணுக்கள் சரியும். தொற்றுக்கு அதுவே வாசல், அதுவும் குடலை வெட்டித் தைத்த வயிற்றில்.

எந்த அளவு மேல் என்று பழைய பதிவுகளைப் புரட்டிச் சொல்வதில் இன்னொரு சிக்கல். வயதானவர்களுக்கும், முன்பே நிறைய கீமோ எடுத்தவர்களுக்கும் மருத்துவர்கள் அளவைக் குறைப்பது வழக்கம். குறைந்த அளவு வாங்கியவர்கள் மோசமாக இருந்தால், அது மருந்து போதாததாலா, ஏற்கெனவே நலிந்திருந்ததாலா என்று அந்தப் பதிவுகளே பிரித்துக் காட்டிவிடாது.