ஜாமீன் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து இல்லை

போன வாரம் ஓர் ஆசிரியை வங்கி நோட்டீஸோடு வந்தார். நாத்தனார் கணவர் லாரி வாங்க எடுத்த 8 லட்ச ரூபாய் கடனுக்கு ஜாமீன் போட்டவர். தவணை நின்று ஏழு மாதம். "சாட்சிக்குன்னு சொல்லித்தானே சார் கையெழுத்து வாங்கினாங்க" என்று அழுதார். வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வுபெற்ற பிறகும் சரி, இதே வார்த்தையைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறவில்லை.

சாட்சி என்பவர், 'இவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்' என்று சொல்பவர். ஒரு ரூபாய்கூட அவர் தரவேண்டியதில்லை. ஜாமீன்தாரர், 'இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுப்பவர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அசல், வட்டி எல்லாமே.

"முதல்ல லாரியை வித்துட்டு அப்புறம் என்கிட்ட வரட்டும்" என்பார்கள். வங்கி அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை என்று பாங்க் ஆஃப் பிகார் என்ற வங்கி தொடுத்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ரெண்டு பேர் போட்டோம், பாதிப் பாதிதானே?" அந்தப் பங்கு உங்கள் இருவருக்குள்தான். வங்கி முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். அரசு ஊழியரை ஜாமீன் கேட்பது மரியாதைக்காக என்று நினைக்காதீர்கள். மாதச் சம்பளம் நிச்சயம், ஆள் எங்கும் போய்விட மாட்டார். நாங்கள் பார்த்தது அதைத்தான்.

நீங்கள் ஜாமீன் போட்ட கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும், அதாவது வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் வரலாற்றிலும், ஏறும். நாளைக்கு உங்கள் வீட்டுக் கடனுக்கு அதுவே குறுக்கே நிற்கலாம்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவணை கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், உறவு கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். ஏற்கெனவே கட்ட நேர்ந்துவிட்டதா? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அந்த ஆசிரியைக்கு இதுவே தெரியாது.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவசரம் என்று பேனாவை நீட்டினாலும், "ஒரு நாள் டைம் கொடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.