மோசடி அழைப்பும் எண் மறைப்பும்: சட்டம் என்ன சொல்கிறது, எங்கே புகார் செய்வது?

"உங்க பார்சல்ல போதைப்பொருள் இருக்கு" என்று போன் வந்தால் நடுங்குபவர்கள் உண்டு. ஸ்பீக்கரில் போட்டு அரைமணி நேரம் அலைக்கழித்து ரசிப்பவர்களும் உண்டு. என் நண்பர் இரண்டாவது ரகம். வங்கியில் 40 லட்சம் கிடக்கிறது என்று கதைவிட்டவர், ஓடிபி கேட்டதும் கேஸ் சிலிண்டர் புக்கில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். மறுநாள் காலையிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு, "லோன் தர்றேன்னு நீதானே பேசுன?" என்று வசைபாடினார்கள். அவருடைய எண்ணைத் திரையில் காட்டி யாரோ ஊரெல்லாம் அழைத்திருக்கிறார்கள்.

இணையவழி அழைப்பில் திரையில் தெரியும் எண்ணை மாற்றிக்காட்ட முடியும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகூட +91 என்று தெரிவது இப்படித்தான். இவற்றைத் தடுக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் மறிக்கப்பட்டன.

"அப்படியானால் நானும் ஒரு ஆப் போட்டு, வேறு எண்ணைக் காட்டி அந்த மோசடிக்காரனை வம்புக்கு இழுக்கிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42-இன்படி, தொலைத்தொடர்பு அடையாளத்தை, அதாவது அழைப்பவரைக் காட்டும் எண் போன்றவற்றை, திருத்துவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உண்மையில் இது மோசடிக்காரனுக்காகப் போட்ட விதி. ஆனால் சொந்த ஆதாரில் சிம் வாங்கிய நாமும் மாட்டலாம்.

மோசடி அழைப்பைப் பற்றிப் புகார் செய்யவென்று இருப்பது தொலைத்தொடர்புத் துறையின் 'சக்ஷு' வசதி. 2024 மார்ச்சில் வந்தது. அதே துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்திலும் செயலியிலும் இருக்கிறது. அழைப்பா, எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா என்று குறித்து, வந்த எண், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட் கொடுத்து, உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் முடிந்தது. கடந்த 30 நாளுக்குள் வந்த அழைப்பாக இருக்கவேண்டும். எரிச்சலில் கால் பதிவை அழித்துவிட்டு, பிறகு நேரம் என்ன என்று தலையைச் சொறிபவர்கள்தான் அதிகம்.

பணம் போயிருந்தால் சக்ஷு வேலைக்கு ஆகாது. உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள் என்பதால் இங்கே ஒவ்வொரு நிமிடமும் காசு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நண்பர் இப்போது தெரியாத எண் வந்தால் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுகிறார். நேற்று அப்படி வைத்தது கேஸ் சிலிண்டர்காரரை.