கேக்குது, ஆனா விளங்கல்ல

"பெத்தா, கால் நோகுதா?" என்று கேட்டேன். "இப்பதான் குடிச்சன் மனே" என்றார். பெத்தா என்றால் எங்கள் பாட்டி. நான் சொன்ன கால் அவருக்குப் பாலாக விளங்கியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம், அவரும் கூடச் சிரித்தார், என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே.

அதற்கும் எத்தனையோ மாதம் முன்பே அவருக்குக் காது குறையத் தொடங்கியிருக்க வேண்டும். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு ரீவிச் சத்தம் பக்கத்து வளவு வரைக்கும் கேட்கும். போனை எடுத்துக் கொடுத்தால் ஒரு வார்த்தை பேசிவிட்டு அம்மாவின் கையில் கொடுத்துவிடுவார். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கென்றால் முன்னுக்கே போய் இருந்து காவியம் கேட்கிறவர், ஒரு வருடம் "சனம் கூட, ஏலாது" என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். வயது போனால் இப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். உங்கள் வீட்டில் யாராவது இப்படி மெல்ல மெல்ல ஒதுங்கினால், குணம் மாறிவிட்டது என்று நினைக்க முதல் காதைப் பாருங்கள்.

காது கேட்குதா என்று நேரே கேட்டால், "எனக்குக் கேக்குது, நீங்க சொல்றதுதான் விளங்கல்ல" என்பார். நாங்கள் அதைச் சாட்டு என்று நினைத்தோம். ஆனால் நடப்பது அப்படியே அதுதான்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர்தான். உள்ளே நீர், நீருக்குள் ஒரு மெல்லிய சவ்வு, அதன்மேல் வரிசை வரிசையாக, சத்தத்தைப் பிடிக்கிற சுமார் 15,000 மயிர்க்கலங்கள். சத்தம் நுழைகிற பக்கத்தில் சவ்வு ஒடுங்கி விறைப்பாக இருக்கும், அங்கே கீச்சென்ற உயர்ந்த ஓசைகள் பதியும். உள்முனையில் அகன்று தளர்ந்திருக்கும், அங்கே கனத்த ஓசைகள். இந்தச் சவ்வில் அலை எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜோர்ஜ் வொன் பெக்கெசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. வயது போகும்போது முதலில் அழிவது நுழைகிற பக்கத்துக் கலங்கள். கோழிக்கு இந்தக் கலங்கள் செத்தாலும் திரும்ப முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை.

சரி, உயர்ந்த ஓசை போனால் பேச்சில் எது போகும்? கால், பால், வால் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் "ஆல்" ஒன்றுதான், அது கனமான, பலமான ஓசை, அது பெத்தாவுக்கு நன்றாகவே கேட்கும். சொல்லைப் பிரித்துக் காட்டுவது முன்னால் வருகிற அந்தச் சின்ன மெய்யோசை. க, ச, ட, த போன்றவற்றின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசையில், அதுவும் மிக மெல்லிசாக இருக்கிறது. அது விழுந்துபோனால் மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும். வீட்டில் இரண்டு பேர் ஆறுதலாகப் பேசினால் ஊகிக்கலாம், கலியாண வீட்டில் இருபது பேர் ஒன்றாகப் பேசினால் முடியாது. பேரப்பிள்ளைகளின் கீச்சுக் குரல் இன்னும் கஷ்டம். ஆண்களின் தடித்த குரல் கேட்பதால் "மாமா பேசினா மட்டும் கேக்குது, நடிக்கிறா" என்று பழி வேறு வரும், அது பெரிய அநியாயம்.

கத்திப் பேசினால் உயிரோசைதான் பெருக்கும், மெய்யோசை அந்த அளவுக்குப் பெருக்காது. அதோடு, மெல்லிய சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற கலங்கள் சேதமானவருக்கு மெல்லிசு கேட்காது, பலத்த சத்தமோ முழுப் பலத்தோடு போய் விழும். "என்ன சொன்னாய்?" என்று கேட்டவரே அடுத்த நிமிடம் "ஏன் கத்துறாய்?" என்று கோபிப்பது இதனால்தான். முகம் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திருப்பாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள்.

வயது மட்டும் காரணமில்லை. உழவு மெசின், அரிசி மில்லு, வள்ளத்து எஞ்சின் என்று பல வருடம் கிடந்தவர்களுக்கும், யுத்த காலத்தில் ஷெல் விழுந்த இடத்துக்குக் கிட்ட இருந்தவர்களுக்கும் இதே கலங்கள்தான் சேதமாகும். சீனி வருத்தம் உள்காதின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதிக்கும். சிலருக்கோ வெறும் காதுக் குடும்பிதான் அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் காட்டன் பட்ஸ் அதை உள்ளுக்குத்தான் தள்ளும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வீட்டில் காய்ச்சி விடுகிற எண்ணெயும் கேடு.

எது அடைப்பு, எது நரம்புப் பக்கத்துச் சேதம் என்று பார்க்க டொக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி முதலில் காதுப் பக்கத்திலும் பிறகு காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைப்பார். எங்களுக்கு இது புதிதில்லை. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கத் துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்போமே, மரம் வழியாக ஓசை வருகிற மாதிரி இங்கே எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகிறது. காதுப் பக்கத்தை விட எலும்பில் வைக்கும்போது பலமாகக் கேட்கிறது என்றால் தடை உள்காதுக்கு வெளியே.

ஒரு காது திடீரென்று, ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மற்றபடி எப்படிக் கூட்டிப் போவது? "உங்களுக்குக் காது கேக்காது" என்று எல்லோர் முன்னாலும் நாங்கள் சொன்னபோது பெத்தா இரண்டு நாள் பேசவில்லை. செவிடு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற பாரம் அப்படி. பிறகு நான் தனியாக இருந்து, "பெத்தா, நான் சொல்றது உங்களுக்கு விளங்காம ரெண்டு பேரும் கஷ்டப்படுறம், சீனி கிளினிக்குக்குப் போற அன்றைக்கே காதையும் காட்டுவமா?" என்று கேட்டேன். "ம்" என்றார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டினோம். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் கேட்டல் குறைவையும் சேர்த்திருக்கிறது. அதனால் "வயசு போச்சு, இனி என்னத்துக்கு" என்று விடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

காது மெசின் கண்ணாடி மாதிரி இல்லை, போட்டவுடன் சரியாகாது. பல வருடம் கேட்காத ஓசைகள் எல்லாம் மூளைக்கு ஒன்றாக வந்து விழும். முதல் கிழமை பெத்தா ஃபேன் சத்தத்துக்கும் கோப்பை கழுவுகிற சத்தத்துக்கும் மெசினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். நாங்கள் காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் என்று தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினோம். கடற்கரை ஊர் என்பதால் இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பாவுக்குள் வைக்கிறோம். இப்போது அந்த டப்பாவைப் பெத்தாவே மூடி வைக்கிறார்.