கயிற்றின் மறுமுனையில் ஓடுகிறவர்

நான் மைதானத்துக்கு எடுத்துப்போகும் பையில் விசில், ஸ்டாப்வாட்சோடு இரண்டு துண்டுக் கயிறும் இருக்கும். நீளம் ஒரு முழம்கூட வராது. இரண்டு முனையிலும் விரல் நுழைகிற மாதிரி வளையம். பார்வையற்ற ஓட்டக்காரர் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொள்வார், பக்கத்தில் வழிகாட்டியாக ஓடும் பார்வையுள்ள துணை ஓட்டக்காரர், அதாவது கைடு, இன்னொன்றை. தடகளப் பயிற்சியாளரான நான் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், விளையாட்டில் தன்னலமின்மை என்று மேடையில் பேசுகிறோமே, அது எவ்வளவு உழைப்புப் பிடிக்கிற காரியம் என்று புரிந்தது.

கைடு என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். இழுத்தால் தகுதிநீக்கம். தள்ளினாலும் அப்படியே. முடிவுக்கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் கடக்க வேண்டும், கைடு அவருக்குப் பின்னால். முந்திவிட்டால் அந்த ஓட்டமே போச்சு. ஆகவே நூறு மீட்டரை 12.5 வினாடியில் ஓடுகிற பையனுக்கு, 11.5-இல் ஓடக்கூடிய ஒருவர் துணை வேண்டும். அவர் தன் வேகத்தை அடக்கி, பையனின் காலடிக்குத் தன் காலடியைச் சேர்க்க வேண்டும். கயிறு பிடித்த இரண்டு கைகளும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வர வேண்டும். நடுவில் வாயும் ஓயக்கூடாது. வளைவுள்ள இருநூறு மீட்டர் என்றால் இப்படி: "வளைவு... வளைவு... நேர்... இன்னும் இருபது... சாய்!"

என்னிடம் வந்த ஒரு ஜோடி முதல் மாதம் ஓடவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், அப்புறம் மெதுவோட்டம். ஒருநாள் "வளைவு" என்ற சொல் வருவதற்கு முன்பே பையன் உடம்பைச் சாய்த்துத் திரும்பினான். "எப்படிடா தெரிஞ்சது?" என்று கேட்டேன். "அண்ணன் தோள் இறங்கிச்சு சார், கயிறு சொல்லிடுச்சு" என்றான்.

அந்த அண்ணன் கல்லூரி அணியில் நானூறு மீட்டர் ஓடுகிறவர். தன் பயிற்சி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தார். அந்த வருடம் அவருடைய சொந்த டைமிங் சரிந்தது. மாநில அளவிலான ஒரு போட்டிக்குப் போனபோது தங்குமிடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, சாப்பாட்டு டோக்கனும் இல்லை. "பிளேயர் லிஸ்ட்ல இவர் இல்லையே சார்" என்றார்கள். ஒரே டோக்கனில் இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு ஒன்றில், கைடாக ஓடிய சான்றிதழை நீட்டியபோது, "இது நீங்க ஜெயிச்சது இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவரை இதற்குக் கூப்பிட்டவன் நான்.

"நல்ல மனசு சார், எதையும் எதிர்பார்க்க மாட்டார்." எங்கள் துறையில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. இதைச் சொல்லித்தான் பஸ் செலவைக்கூடக் கொடுக்காமல் விடுகிறோம். இப்படி இரண்டு வருடம் போனால் அந்த நல்ல மனசுக்காரர் வேலை தேடிப் போய்விடுகிறார். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் பையன் வீட்டில் உட்காருகிறான்.

உலக அளவில் இது கொஞ்சம் மாறியிருக்கிறது. லண்டன் 2012 பாராலிம்பிக்கிலிருந்து தடகள கைடுகளுக்கும் பதக்கம் உண்டு. பாரிஸ் 2024-இல் சிம்ரன் சர்மா 200 மீட்டர் டி12 பிரிவில் (ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கானது) வெண்கலம் வென்றபோது கயிற்றின் மறுமுனையில் ஓடியவர் அபய் சிங்.

அதே பாரிஸில்தான் என்னை இன்றும் உறுத்தும் ஒன்று நடந்தது. ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்ட், டி12 மாரத்தான். ரியோ 2016-இல் தங்கம் வென்றவர். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி மூன்றாவதாக வருகிறார். நான்காவது ஆள் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால். கோடு கண்ணெதிரே இருக்கும்போது கைடுக்குத் தசைப்பிடிப்பு வந்து விழப்போகிறார். எலெனா கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கினார். ஒரு நொடிதான் இருக்கும். மறுபடி பிடித்துக்கொண்டு இருவரும் கோட்டைக் கடந்தார்கள். முடியும்வரை கயிற்றை விடக்கூடாது என்பது விதி. தகுதிநீக்கம் செய்தார்கள், அன்று வெண்கலம் அடுத்து வந்த ஜப்பான் வீராங்கனைக்குப் போனது.

விதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கயிற்றை விடலாம் என்று ஆகிவிட்டால், ஓரளவு பார்வை உள்ளவர்கள் கைடை விட்டுவிட்டுத் தனியாகப் பாய்வார்கள். ஆனால் எலெனாவுக்கு அந்த நொடியில் நேரம் போனதே தவிர, ஒரு லாபமும் வரவில்லை. விழுகிறவரைத் தாங்குவதற்கு விதியில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

அப்படி எழுத முடியும். பாய்மரப் படகுப் போட்டியின் விதிப்புத்தகத்தில் முதல் அடிப்படை விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான். உதவப் போய் இடம் இழந்தால் ஈடு கேட்கவும் வழி இருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி பூசான் கடலில் நடந்தது. கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். பலத்த காற்றில், வேறொரு பிரிவில் ஓட்டிய சிங்கப்பூர்க்காரர்கள் இருவரின் படகு கவிழ்ந்தது. லெமியூ திரும்பிப் போய் அவர்களைக் காப்பாற்றினார். நடுவர் குழு அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாமிடத்தையே கொடுத்தது. விளையாட்டுப் பண்புக்காகத் தரப்படும் கூபர்தென் பதக்கமும் கிடைத்தது. எனக்கு அதைவிட அந்த இரண்டாமிடம்தான் பெரிதாகப் படுகிறது.

சரி, நம் கையில் இருப்பது என்ன? நாங்கள் நடத்தும் சிறு போட்டிகளில் நுழைவுப் படிவத்தில் கைடுக்கென்று இரண்டாவது வரி சேர்த்தோம். பெயர், வயது, ரத்தப் பிரிவு எல்லாம். அந்த ஒரு வரியால் டோக்கன் இரண்டாகிறது, படுக்கை இரண்டாகிறது, பயணப்படியும் காப்பீடும் இருவருக்கும் வருகிறது. சான்றிதழில் ஓடிய நேரத்தோடு இருவர் பெயரும். ஒரு ஓட்டக்காரருக்கு இரண்டு கைடுகளைப் பழக்குகிறோம். ஒருவருக்குத் தேர்வு வந்தால் இன்னொருவர். பார்வையற்றவர்களுக்குப் பரீட்சை எழுதிக்கொடுக்க நம் கல்லூரிகளில் எத்தனையோ பேர் முன்வருகிறார்கள். கூட ஓட வருகிறாயா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

போன முறை எட்டு லேனில் நான்கு ஜோடிகள் நின்றார்கள், ஜோடிக்கு இரண்டு லேன். மைக்கில் ஓட்டக்காரர் பெயரோடு கைடு பெயரையும் வாசித்தோம். அண்ணன் ஸ்டார்ட்டுக்குக் குனிந்திருந்தார். தன் பெயர் கேட்டதும் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, கயிறு ஆடுது."