அக்கா, அந்தக் குளிசைப் பையை ஊருக்கு அனுப்பாதேங்கோ

போன கிழமை ஒரு அக்கா சொப்பிங் பையோடு எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். கனடாவில், ஸ்காபரோவில் பல வருடமாக எனக்குத் தெரிந்தவர். கணவர் தவறி மூன்று மாதம். பைக்குள் அவருடைய குளிசைப் போத்தல்கள், இருபதுக்கு மேல் இருக்கும். "தம்பி, எறிய மனம் வரேல்லை. ஊரில வெள்ளம் புயல் எண்டு ஏதாவது வந்தா உதவும்தானே. சுனாமிக்கும் இப்பிடித்தானே அனுப்பினனாங்கள்."

இந்த வருடம் இப்படி வந்த ஆறாவது பை இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அனுப்பினோம், உண்மைதான். அலை இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியபோது ரொறன்ரோவில் இன்னும் 2004 நத்தார் இரவு. விருந்துச் சாப்பாடு மேசையிலேயே இருக்க, முல்லைத்தீவுக்கும் கல்முனைக்கும் பருத்தித்துறைக்கும் விடியவிடியத் தொலைபேசி அடித்துப் பார்த்தோம். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. யாருக்கும் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மண்டபங்களில் பெட்டி கட்டினோம். நான் அப்போது மருந்தியல் படித்துக்கொண்டிருந்த பெடியன். "உனக்குத்தானே மருந்து தெரியும்" என்று மருந்துப் பெட்டிகளோடு என்னை விட்டார்கள். பாதி குடித்த இருமல் பாணி, பெயர் அழிந்த போத்தல்கள், எப்போதோ காலாவதியான கண் துளிகள். எல்லாவற்றையும் எறியச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொண்டுவந்தவர்கள் அழுதுகொண்டு நின்றார்கள். ஒரு பெட்டியை நானே ஒட்டி அனுப்பினேன். அது இன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

எனக்குக் கோபம் வருவது ஒரே வசனத்துக்குத்தான்: "ஒண்டுமில்லாததுக்கு இது பரவாயில்லைத்தானே."

பரவாயில்லை என்பது அரிசிக்குப் பொருந்தும், போர்வைக்குப் பொருந்தும். மருந்துக்குப் பொருந்தாது. பெயர் தெரியாத அரிசியைச் சமைத்துச் சாப்பிடலாம். பெயர் தெரியாத குளிசையை யாருக்குக் கொடுப்பது? அந்த அக்காவின் பையில் வார்ஃபரின் இருந்தது. இரத்தம் உறையாமல் வைத்திருக்கும் குளிசை. இங்கே இரத்தம் சோதித்துச் சோதித்துத்தான் அளவு சொல்வார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கும் முகாமில், காலில் தகரம் வெட்டின ஒருவருக்கு அதைத் தவறிக் கொடுத்தால் காயத்தில் இரத்தம் நிற்காது. இன்சுலின் பேனாவும் மூன்று இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்க வேண்டும். அவர் வைத்திருந்தது சமையலறை இழுப்பறையில்.

அதோடு, கனடாவில் நாங்கள் குளிசையை எண்ணிப் போத்தலில் போட்டுத்தான் கொடுக்கிறோம். ஒட்டியிருக்கும் தாள் உங்களுக்கானது. அதைக் கிழித்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் வெள்ளை வட்டம். உங்களுக்குத் தந்து, உங்கள் வீட்டில் கிடந்த மருந்தை மருந்தாளரான நானே திரும்ப அலமாரியில் வைக்கக் கூடாது. இங்கே விற்க முடியாததை அங்கே இருப்பவருக்குக் கொடுக்கலாம் என்று எப்படி நினைக்கிறோம்?

இந்தோனேசியாவின் ஆச்சேயில் நடந்ததைக் கேளுங்கள். அதே சுனாமிக்கு, அங்கே ஏறக்குறைய 4,000 தொன் மருந்து போய்க் குவிந்தது. பெரும் பகுதி அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதது. நிறையப் பெட்டிகளில் அங்குள்ளவர்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழி. காயத்துக்குக் கட்டுப் போட வேண்டிய கைகள் பெட்டி பிரித்தன. அதை அழிக்கவும் காசு வேண்டும், கிணற்றடியில் கொட்டவா முடியும்? வேறொரு முறை, லித்துவேனியாவில் நன்கொடையாக வந்த ஒரு மருந்தைக் கொடுத்து 11 பெண்கள் கொஞ்சக் காலம் கண்பார்வை இழந்தார்கள். அது கால்நடைக்கான புழு மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே வழிகாட்டி எழுதிவிட்டது: நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்து நன்கொடை ஆகாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் இருக்க வேண்டும். நாங்கள் இன்னும் பை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுனாமி பெரும்பாலும் ஆளைக் கொண்டுபோகும், அல்லது காயத்தோடு விடும். தப்பியவருக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர், காயம் கழுவ ஆள், ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி. பிறகு, வீட்டோடு சேர்த்துப் பிறசர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் அலையில் அள்ளுண்டு போனவருக்கு அதே மருந்து. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது கொழும்பிலோ இந்தியாவிலோ இங்கத்தைய விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும், அங்குள்ள வைத்தியருக்குப் பழகிய பெயரோடு. 2005 தையில் (ஜனவரியில்) கனடா இராணுவத்தின் இடர் உதவி அணி அம்பாறைக்குப் போனபோதும் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கொண்டுபோனது.

ஆகவே காசைக் கொடுங்கள். அந்த முறை தை 11 வரை தனியாட்கள் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு டொலருக்கும் கனடா அரசாங்கமும் ஒரு டொலர் போட்டது. எங்களில் எத்தனையோ பேர் அந்த நாட்களைப் பெட்டி ஒட்டிக் கழித்தோம். மருந்துதான் கொடுப்பேன் என்று நிற்பவர்கள், அங்குள்ள ஆசுப்பத்திரி மருந்தாளரிடம் பட்டியல் கேளுங்கள். பட்டியல் வராமல் ஒரு பெட்டியும் கட்டாதேங்கோ. சங்கங்கள், கோயில்கள் நடத்துகிறவர்களே, "மருந்து வகைகள்" என்ற வரியைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

வீட்டில் மிஞ்சினதை என்ன செய்வது? குப்பையில் போடவும் வேண்டாம், மலசலகூடத்தில் ஊற்றவும் வேண்டாம். ஒன்ராறியோவில் பெரும்பாலான மருந்துக்கடைகள் காசு வாங்காமல் எடுத்து, முறையாக அழிக்க அனுப்பும். பெயர் ஒட்டிய தாளை உரித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

அந்த அக்காவின் பையை அன்று மேசையில் கொட்டி இரண்டு பேரும் உரித்தோம். அரை மணித்தியாலம் எடுத்தது. உங்களுக்கும் உரிக்கக் கை ஏலாவிட்டால் அப்படியே கொண்டுவாருங்கோ, நான் உரிக்கிறேன்.